கணவனை இழந்தவள் மறுமணம் செய்வது வன்னி வழக்கத்தில் இல்லையா?

“கணவனை இழந்தவள் மறுபடி கட்டுவது தமிழ்ப் பண்பாட்டில் இல்லை என்கிறார்களே, வன்னியில் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாருக்கோ பேச்சு வந்திருக்கிறது, பெரியவர் ஒருவர் குறுக்கே நிற்கிறார். சும்மா இருப்பவருக்கு இந்தக் கேள்வி வராது.

எங்கள் வன்னியில், அதாவது இலங்கையின் வடக்கில் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கும் நிலத்தில், அது இருந்தது என்பதுதான் பதில். 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதுவித்து, உள்ளூர்த் தலைமைக்காரரான 12 தமிழ் முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்த, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, தகப்பன் இறந்து தாய் மறுமணம் செய்தால் பிள்ளைகளை யார் வளர்ப்பது, சொத்தை யார் பார்ப்பது என்று இருக்கிறது. நடக்காத காரியத்துக்கு யார் ஒழுங்கு எழுதுவார்கள்? என் அம்மம்மாவுக்கு நடந்தது சோறு குடுத்த கலியாணம். தாலி, ஐயர், எழுத்து (பதிவு) ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் முன்னால் சமைத்துப் பரிமாறினார், முடிந்தது. அதுவும் அவருக்கு இரண்டாவது. முதல் கணவர் காய்ச்சலில் போய்விட்டார்.

உடனே “அந்தக் காலம் பொற்காலமா?” என்று கேட்க வராதீர்கள். தன் பெயரில் இருக்கும் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் இன்றுவரை தேசவழமைச் சட்டம்தான். நான் பெண்ணியவாதியும் இல்லை. ஒரு தங்கச்சிக்கு அண்ணன், அவ்வளவுதான்.

அவளுக்கு 2008இல் கலியாணம். கட்டினால் பிள்ளைபிடியில் இருந்து, அதாவது புலிகள் போருக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடிப்பதில் இருந்து, தப்பலாம் என்று வன்னி முழுக்க அவசரக் கலியாணம் நடந்த காலம். நாள் பார்க்கவில்லை, பொருத்தம் பார்க்கவில்லை, பங்கருக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு. முன்னின்று நடத்தியவர் பெரியப்பா. அடுத்த வருசம் மாத்தளனில் மாப்பிள்ளை ஷெல் பட்டுச் செத்தார். பிள்ளை இல்லை. மெனிக் பாம் முகாமுக்குத் தங்கச்சி தனியாகத்தான் வந்தாள்.

மீள்குடியேறிச் சில வருசங்களில் ஒரு நல்ல பையன் கேட்டு வந்தான், மெக்கானிக். தங்கச்சிக்குச் சம்மதம். பெரியப்பாவுக்கு அப்போதுதான் பண்பாடு ஞாபகம் வந்தது. “எங்கட வற்றாப்பளை அம்மன் ஆர்? கண்ணகி! அந்த மண்ணில நிண்டு இதைக் கதைக்கிறியோ?” என்றார். ஆச்சரியம் என்னவென்றால், செத்தவரின் தகப்பன் மட்டும் “பாவம், சின்னப் பிள்ளை, கட்டட்டும்” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

காணிக் கந்தோரில்தான் விசயம் விளங்கியது. செத்தவருக்குக் குளத்துக்குக் கீழே பெர்மிட் வயல், அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த வயல், இருந்தது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் யாரையும் அவர் எழுதிவைக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி இப்படியான காணி மனைவிக்கு வரும். ஆனால் மறுமணம் செய்தால் கைவிட்டுப் போகும். பிள்ளை இல்லாததால் அடுத்தது தகப்பன். சட்டம் ஆணுக்கும் அதையேதான் சொல்கிறது, நியாயம்தான், ஆனால் பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். அப்புறம், அந்த வயலைக் காலபோகத்துக்கு (மாரி கால நெல்லுக்கு) எழுத்தில்லாத குத்தகையில் செய்துகொண்டிருந்தவர் பெரியப்பாவின் மகன். ஆக, கட்டு என்றவருக்கும் வயல், கட்டாதே என்றவருக்கும் வயல்.

யாழ்ப்பாணத்தில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் சொந்தங்கள் போனில் புத்தி சொன்னார்கள். சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன்: எங்கள் மாங்குளத்தில் நின்று கை காட்டினால் யாழ்ப்பாணம் போகும் கொழும்பு பஸ் நிற்பதில்லை. நின்றாலும், வன்னியிலேயே இருக்கும் கிளிநொச்சியில் இறங்க யாழ்ப்பாணம் வரைக்குமான காசு கேட்பார்கள். வழியில் கிடக்கும் ஊர் என்றுதான் எங்களைப் பார்ப்பது. பண்பாட்டைக் காப்பாற்ற மட்டும் வன்னி வேண்டும். வன்னியின் கடைசி அரசன் என்று சொல்லப்படும் பண்டாரவன்னியனுக்கு வவுனியாவில் சிலை இருக்கிறது. 1782இல் ஒல்லாந்தரை எதிர்த்து நின்று, கொழும்புக் கோட்டையில் சிறை வைக்கப்பட்ட வன்னிச்சியை, வன்னியை ஆண்ட பெண் தலைவியை, எத்தனை பேருக்குத் தெரியும்?

தங்கச்சி வயலை விட்டாள், கட்டினாள். எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நான்தான் வைத்தேன். பெரியப்பா வரவில்லை.

உங்கள் வீட்டுக் கதையிலும் பெர்மிட் காணி இருந்தால், முதலில் பிரதேச செயலகத்தில் போய்ப் பின்னுரித்தாளர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளில் ஆண் முந்துகிற ஒழுங்கை 2022இல் திருத்தியிருக்கிறார்கள், அதையும் கேளுங்கள். பெரியவரோடு கண்ணகியைப் பற்றி வாதாடுவது அதற்குப் பிறகு.