ஆகாய் புத்தகம் எந்தப் பக்கம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 63. எங்கள் சேகரத்து ஆயர் கேட்டுக்கொண்டதால், கடந்த ஜூன் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறேன். ரோமருக்கு எழுதின நிருபத்தை வசனம் வசனமாக விளக்கி வருகிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு மணி நேரம் ஆயத்தம் செய்கிறேன். முதல் வாரம் 42 பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர். அதிலும் இருவர் என் மனைவியும் மைத்துனரும். "ஞாயிறு பள்ளி பிள்ளைகளுக்குத்தானே, எங்களுக்கு எதற்கு சார்?" என்று கமிட்டி அங்கத்தினர் ஒருவரே கேட்கிறார். அசன விருந்துக்குக் கூடுகிற கூட்டம் வசனத்துக்குக் கூடவில்லை. ஜனங்களுக்கு வேதத்தின்மேல் தாகமே இல்லாமல் போய்விட்டதா? வகுப்பை நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடத்துகிற விதத்திலேயே தொடரவும் வேண்டாம்.

தாகம் இல்லை என்ற முடிவுக்குச் சீக்கிரமாக வந்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். வராமல் நின்றுபோன 37 பேரில் பலரைத் தடுப்பது வெட்கம். இதை நான் ஒரு வகுப்பில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஆசிரியர் "ஆகாய், இரண்டாம் அதிகாரம்" என்றார். பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியில் இரண்டே அதிகாரமுள்ள சிறு புத்தகம் அது. என் பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வருஷக்கணக்காகச் சபையில் காணிக்கைப் பை எடுப்பவர். ஓபதியா, மீகா என்று தாள்களைப் புரட்டினார். மல்கியா வரை போய்த் திரும்பி வந்தார். அதற்குள் மற்றவர்களுடைய தாள் சத்தம் அடங்கிவிட்டது. அவர் கைக்கு அகப்பட்ட சங்கீதத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆகாயை வாசிப்பவரைப் போலக் குனிந்துகொண்டார். அடுத்த வசனத்தை யார் வாசிக்கிறீர்கள் என்று ஆசிரியர் பார்வையால் தேடியபோது இன்னும் குனிந்தார். மறுவாரம் அவர் வரவில்லை. பக்க எண்ணை நான் மெல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துவிட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு வேதக் கல்வி திடப்படுத்தலோடு முடிந்துபோகிறது. பதினைந்து பதினாறு வயதில் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்புவிக்கிறோம். பேராயர் தலையில் கைவைக்கிறார், முதல் திருவிருந்து எடுக்கிறோம், அவ்வளவுதான். பிறகு நாற்பது வருஷம் பிரசங்கம் கேட்கிறோம். பிரசங்கத்தில் யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்பதில்லை, கேட்பதற்கு இடமும் இல்லை. தொழிலிலும் குடும்பத்திலும் எவ்வளவோ தேறிவிட்ட மனுஷனுக்கு, விசுவாசத்தைப் பற்றிய அறிவு மட்டும் பதினாறு வயதில் தைத்த சட்டையாகவே நின்றுவிடுகிறது. அந்தச் சட்டையோடு நாலு பேர் நடுவில் வந்து உட்காரக் கூசுகிறார்.

அந்தக் கமிட்டி அங்கத்தினர் உங்களை "சார்" என்று அழைத்ததையும் கவனியுங்கள். முதல் வாரம் வந்த 42 பேரில் உங்களிடம் கணக்கோ ஆங்கிலமோ படித்தவர்கள் எத்தனை பேர்? ஐம்பது வயதிலும் அவர்களுக்கு நீங்கள் தலைமை ஆசிரியர்தான். உங்கள் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவர்களை விட்டுப் போயிருக்காது. இது உங்கள் குற்றம் அல்ல. ஆனாலும் அந்தப் பயத்தை நீக்க உங்களால்தான் முடியும்.

உங்களைப் போலவே மனம் சோர்ந்துபோய்க் கடிதம் எழுதிய ஒருவர் ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் இருந்தார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துச் சபையில் தேயோகிராத்தியாஸ் என்ற உதவிக்குரு, புதிதாக விசுவாசத்துக்கு வருகிற பெரியவர்களுக்குப் போதிப்பவர். தன் பேச்சு கேட்கிறவர்களுக்கு மட்டுமல்ல, தனக்கே சலிப்பாக இருக்கிறது என்று ஹிப்போ நகர ஆயர் அகஸ்டினிடம் முறையிட்டார். அகஸ்டின் பதிலாக ஒரு சிறு நூலையே எழுதி அனுப்பினார். ஒருவன் அசைவற்று நின்றால் அவனுக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடாதே. பயபக்தியால் அடங்கி நிற்கலாம், வெட்கத்தால் வாய் திறவாமல் இருக்கலாம், சொன்னது புரியாமல் இருக்கலாம், அன்பாய்ப் பேசி அதைக் கண்டுபிடி என்பது அதில் ஒரு ஆலோசனை. அக்காலத்தில் அங்கே ஜனங்கள் நின்றுகொண்டே கேட்பார்கள். நின்று களைத்தவனுக்கு உட்கார இடம் கொடு என்றும் எழுதினார். அத்தனை பெரிய வேத அறிஞர், கேட்கிறவனுடைய கால்வலியையும் நினைத்தார். அந்த இடத்தை வாசிக்கிறபோதெல்லாம் என் மனம் இளகும்.

நம் ஜனங்களுக்கு இன்று பெஞ்சு இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஆராதனை முடிகிற வேளையில் அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண்களையும், மாத்திரை போட்டுச் சாப்பிட வேண்டிய சர்க்கரை நோயாளிகளையும் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறீர்கள். வாரநாள் ஒன்றின் மாலைக்கு மாற்றிப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவக் கிராமங்களில் அப்படித்தான் இருந்தது. வயலிலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் ஜனங்கள் திரும்பியபின் மணி அடிக்கும். உபதேசியார் வேதம் வாசித்து, கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுப்பார். எழுத்தறியாதவர்கள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். உங்கள் கமிட்டி அங்கத்தினருக்கு இதை நினைவூட்டுங்கள், அவருடைய பாட்டனாரே அப்படிப் படித்தவராக இருக்கக்கூடும். வேல்ஸ் நாட்டிலும் ஞாயிறு பள்ளி என்றால் பிள்ளைகளோடு பெரியவர்களும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து படித்த இடம்தான்.

ரோமர் நிருபத்தைக் கொஞ்ச காலம் மூடி வையுங்கள். அது மலை, ஏறிப் பழகாதவர்களை முதல் நாளே அங்கே கூட்டிப்போகக் கூடாது. ரூத் புத்தகத்தை எடுங்கள். விதவையான நகோமியும், கதிர் பொறுக்கி அவளைக் காப்பாற்றிய மருமகள் ரூத்தும் வருகிற சிறு கதை அது. நான்கு அதிகாரம், நான்கு வாரம், அதோடு வகுப்பு முடிகிறது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். முடிவு தெரிந்தால் ஜனங்கள் துணிந்து வருவார்கள். அதிகாரத்தைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். யாரும் பக்கம் தேட வேண்டியிருக்காது, கண்ணாடி மறந்து வந்தவரும் தப்பித்துக்கொள்வார். யாரையும் பெயர் சொல்லி வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே வாசித்துவிட்டு, "நகோமி ஏன் தன்னை மாராள் (கசப்பு) என்று அழைக்கச் சொன்னாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். விளக்கம் சொல்ல உங்களுக்கு நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சபையிலுள்ள விதவைகளில் ஒருத்தி பேசுவாள். அறுப்புக்குப் பின் சிந்தின கதிர் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த பாட்டி எவராவது உங்கள் ஊரில் இருந்தால், இரண்டாம் அதிகாரத்தில் அவரே ஆசிரியர்.

இன்னொன்று, பெயர் எழுதாத துண்டுச் சீட்டு. எங்கள் சபையில் இதைச் செய்தோம். வேதத்தைப் பற்றி மனதில் உள்ள எந்தக் கேள்வியையும் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னோம். நான் பிரித்த ஒரு சீட்டில், நோட்டுத் தாளைக் கிழித்துப் பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது: "என் மகன் ஞானஸ்நானம் பெறுமுன் ஒன்பது நாளில் இறந்துபோனான். அவன் இப்போது எங்கே இருக்கிறான்?" பேத்தியை எழுதச் சொல்லிப் போட்ட சீட்டு. கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல் என்பது பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தவர். அத்தனை பிரசங்கத்தில் ஒன்றிலும் அவருக்கு இதைக் கேட்க வழி இருக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் பாடம் நடத்தவில்லை. குழந்தையை இழந்த தாவீது, "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்று சொன்ன இடத்தை வாசித்தோம். சிறுபிள்ளைகளைத் தம்மிடத்தில் வர விடச் சொன்ன இயேசுவின் வார்த்தையை வாசித்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் தாங்கள் இழந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இரண்டு மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. இந்த ஜனங்களுக்கா, ஐயா, தாகம் இல்லை?

சில சீட்டுகளுக்கு உங்களிடம் பதில் இராது. "எனக்குத் தெரியவில்லை, ஆயரிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சபையார் முன் சொல்லிவிடுங்கள். தலைமை ஆசிரியர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் உங்கள் பழைய மாணவர்களுக்குப் பாதி வெட்கம் போய்விடும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவுக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. சர்வகலாசாலையில் படித்த குரு. தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். ஒன்பது ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மணலில் உட்காரக் கூசாத மனுஷன் கையால்தான் நமக்கு அது கிடைத்தது.

உங்கள் வீட்டார் இருவர் போக, இன்னும் மூன்று பேர் விடாமல் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யார் என்று எழுதவில்லை. வருகிற ஞாயிறு குறிப்பேட்டை எடுக்காமல் அந்த மூவரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் வருகிறீர்கள், என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.