கண் படம் சிறுநீரகத்தைச் சொல்லுமா?

கேள்வி: என் அப்பச்சிக்கு 66 வயது, 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. எங்கள் ஊர் முகாமில் விழித்திரையைப் படம் எடுத்துக் கணினியில் பார்த்தவர்கள், பெரிய கண் மருத்துவமனைக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தார்கள். ‘பேப்பர் நன்றாகத்தானே படிக்கிறேன்’ என்று அவர் மறுக்கிறார். கண் படத்திலிருந்தே இதயம், சிறுநீரகப் பாதிப்பையும் முன்கூட்டிச் சொல்லலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் அப்பச்சியை அழைத்துச் செல்லுங்கள்; மற்றவை பிறகு. சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினாலும், பார்வையின் மையப் பகுதி பாதிக்கப்படாத வரை எழுத்து தெளிவாகவே தெரியும் என்பதால், பேப்பர் படிக்க முடிவதை வைத்துக் கண் நலமாக இருப்பதாக முடிவு செய்ய இயலாது. கண்புரையால் படம் தெளிவாக விழாதபோதும் இவ்வாறு அனுப்புவதுண்டு. எதுவாயினும் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மதுரை அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அமெரிக்கப் படங்களுமாகச் சுமார் 1,28,000 படங்களைக் கொண்டு, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியக் கணினி பயிற்றப்பட்டது. அது, ஏற்கெனவே உள்ள பாதிப்பைக் கண்டறியும் வேலை. வரப்போவதைக் கணிப்பது வேறு. அதற்குப் படம் மட்டும் போதாது. இரண்டு ஆண்டுகளுக்குள் விழித்திரைப் பாதிப்பு வருமா என்று கணித்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை போன்ற விவரங்களோடு படத்தையும் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது.

இதயத்தைப் பொறுத்தவரை, 2018இல் வெளியான ஆய்வொன்றில் விழித்திரைப் படத்திலிருந்து வயது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணினி ஓரளவு ஊகித்தது. ஆயினும் மாரடைப்பு போன்றவற்றைப் பற்றிய அதன் கணிப்பு, மருத்துவர்கள் வழக்கமாகப் போடும் அபாயக் கணக்கை விஞ்சவில்லை. விழித்திரைப் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் பல நேரங்களில் சேர்ந்தே வருவதால், ஒன்று தென்பட்டால் மற்றொன்றையும் தேடுவது அவசியம். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஆகியவற்றை அளக்கும் எளிய பரிசோதனைகளே நேரடியாகச் சொல்லிவிடும்போது, கண் படத்தை மட்டும் நம்பி அவற்றைத் தள்ளிப்போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பேரேடு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. அப்பச்சியின் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளையும் இதே ஒழுங்கோடு தேதிவாரியாகக் குறித்து, பழைய அறிக்கைகளையும் முகாமில் தந்த சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் அளவைவிடப் பல ஆண்டுப் போக்கே மருத்துவருக்கு அதிகம் உதவும். கண்ணின் நடுக் கருவட்டமான பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். ஆகவே அன்று அவர் வண்டி ஓட்ட வேண்டாம், நீங்களே துணைக்குச் செல்லுங்கள்.