குடியாத்தத்துல இருந்து ஒரு கேள்வி: 10 ஜிகாபிட் இன்டர்நெட்டுக்கு மாற பழைய ஃபைபரைத் தோண்டி எடுக்கணுமா?

வேண்டாம், தெருவைத் தோண்டாதீங்க. எக்ஸ்ஜிஎஸ்-பான், அதாவது ஃபைபர்ல 10 ஜிகாபிட் தர்ற முறை, உங்க பழைய சிங்கிள் மோடு ஃபைபரிலேயே (ஒளி ஒரே பாதையில போற கண்ணாடி இழை) ஓடும்.

ஜிபான் (இதுக்கு முந்தின ஃபைபர் முறை) நல்லா வேலை செய்யுற அதே லைன்ல புதுப் பெட்டிக்கு மட்டும் சில வீட்ல சிவப்பு விளக்கு எரியுதுன்னு சொல்றீங்க. பெரும்பாலும் வளைவுதான் காரணம். ஜிபான் ஒளி வீட்டுக்கு இறங்குறது 1490 நானோமீட்டர் அலைநீளத்துல, எக்ஸ்ஜிஎஸ் 1577ல. அலைநீளம் கூடக்கூட இறுக்கமான வளைவுல ஒளி அதிகமா கசியும். கம்பத்துல டை போட்டு இறுக்கின இடம், சுவர் மூலை, ஜன்னல் சந்து, இங்கெல்லாம் பாருங்க.

1. ரெண்டு அலைநீளத்தையும் தனித்தனியா காட்டுற பான் பவர் மீட்டரால (ஒளியோட பலத்தை அளக்குற கருவி) ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கிறது) வாயில அளங்க.
2. அப்புறம் வீட்ல அளங்க. 1577ல மட்டும் இழப்பு கூடுதலா இருந்தா வளைவு. ரெண்டுலயும் ஒரே அளவு விழுந்தா பெரும்பாலும் கனெக்டர் அழுக்கு, முதல்ல அதைத் துடைச்சுப் பாருங்க.

ஒண்ணு கவனிங்க: அதே ஃபைபர்ல 1550ல கேபிள் டிவியும் அனுப்பினா, நடுவுல இருக்குற பழைய ஃபில்டர் 1577ஐத் தடுக்கலாம். அப்போ வளைவை நிமிர்த்தியும் பலன் இருக்காது.

அடுத்து வர்ற 50 ஜி பான் 1342ல இறங்குது, அதுக்கும் இதே ஃபைபர்தான். தோண்டுற காசை நல்ல ஸ்ப்ளைஸுக்கும் (ஃபைபர் ஒட்டு) கனெக்டருக்கும் போடுங்க.