அண்ணன் எல்லையில், குழந்தை ஊரில்: வீட்டார் என்ன செய்யலாம்?

அண்ணனுக்குக் காஷ்மீர் எல்லையில் பணி, அண்ணியும் 3 வயதுப் பையனும் உங்களோடு ஊரில், எப்படித் துணையாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணவரும் ராணுவத்தில் ஹவில்தார். வேலூர்ப் பக்கம், தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கும் ஊர் எங்களுடையது.

"என்ன வேணும்னாலும் கேளும்மா" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். புகுந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தடுப்பூசி, சிலிண்டர், பேங்க் வேலை என்று ஏதாவது ஒன்றை உங்கள் பொறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி காய்ச்சல் என்றால் வண்டி எடுக்க ஆள் இருக்கிறது என்ற தைரியம் அண்ணிக்கு வேண்டும்.

பையன் சேட்டை செய்தால் "அப்பா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்டவே கூடாது. ராணுவ வீரருக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதையும் பிரித்துப் பிரித்துத்தான் எடுக்க முடியும். அந்தக் கொஞ்ச நாளில் வருகிற அப்பாவைப் பூச்சாண்டி ஆக்கிவிடாதீர்கள். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது எங்கள் வீட்டில் டிவியை அணைத்தே வைத்திருந்தோம். அண்ணன் எந்த இடத்தில் இருக்கிறார் என்று துருவிக் கேட்பதும், அதை வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம்.

அவர் லீவில் வரும்போதுதான் உங்கள் உதவி அதிகம் தேவைப்படும். போனில் முத்தம் கொடுத்த பிள்ளை நேரில் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொள்ளும். உடனே "அப்பாகிட்ட போடா" என்று மடியில் திணிப்பார்கள். குழந்தை அலறும், அவர் முகம் வாடிப்போகும். என் மகள் அப்படித்தான் கதவுக்குப் பின்னால் நின்றாள். என் கணவர் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை நீண்டது. பேசாமல் ஒரு பருப்பை வைத்தார். சாயங்காலம் அவர் தோளில் இருந்தாள். வந்த முதல் இரண்டு நாளாவது சொந்தக்காரர்களை வரவிடாமல் தள்ளிப்போடுங்கள். இதை நீங்கள்தான் செய்ய முடியும், அண்ணி சொன்னால் பொல்லாப்பு.

சர்டிபிகேட், உதவித்தொகை மாதிரி விஷயங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள். பெயர் அப்படியிருந்தாலும் பணியில் இருப்பவர்கள் குடும்பத்துக்கும் உதவுவார்கள்.

அப்புறம், லீவு முடிந்து அண்ணன் திரும்பும்போது பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து நழுவச் சொல்லாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டே போகட்டும். அடுத்த சில வாரம் பிடிவாதம் பிடிப்பான், படுக்கையை நனைப்பான். அதற்கு அண்ணியின் வளர்ப்பைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள்.