இன்ஜின் ஆயிலோ ஃபர்னஸ் ஆயிலோ வாங்குறீங்களா? கேள்வி-பதில்

கே: விரல்ல தொட்டுப் பாத்தேன், நல்லா கெட்டியா இருக்கு. நல்ல ஆயில்தானே?

ப: அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டின்னு கம்பெனி தர்ற டேட்டா ஷீட்ல பாருங்க.

கே: எல்லா இன்ஜின் ஆயிலும் குரூடுலதானே, அதாவது கச்சா எண்ணெய்லதானே வருது, எந்த குரூடா இருந்தா என்ன?

ப: அப்படி விடாதீங்க. பாரஃபின் வகை குரூடுல எடுக்குற பேஸ் ஆயிலுக்கு (மத்ததெல்லாம் கலக்குறதுக்கு முன்னாடி இருக்குற அடிப்படை எண்ணெய்) விஸ்காசிட்டி இன்டெக்ஸ் 95, 100 பக்கம் வரும், இந்த எண் கூடக்கூட சூட்டுல கெட்டித்தன்மை மாறுறது கம்மி, அதனால சூடு ஏறினாலும் ரொம்ப இளகாது, ஆனா கூடவே மெழுகும் வரும், அதை ஒழுங்கா எடுக்கலைன்னா குளிர்ல உறைஞ்சிடும். நாஃப்தீன் வகை குரூடுல மெழுகு கம்மி, டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலுக்கு அருமை, இன்ஜின் சூட்டுல நீர்த்துப் போயிடும். இப்படி இன்டெக்ஸ் கம்மியான சரக்குல கெட்டியாக்குற பாலிமரை அள்ளிப் போட்டு மல்டிகிரேடுன்னு, அதாவது குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே ஆயில்னு விக்கிறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். மட்டமான பாலிமர் கியர்ல அரைபட்டு அரைபட்டு அறுந்துபோகும், கெட்டித்தன்மையும் கூடவே போயிடும். நானும் அப்படி ஒரு கேன் வாங்கினேன், மேல 20டபிள்யூ-50னு கெட்டியான மல்டிகிரேடு போட்டிருந்துச்சு, மாத்துறப்போ தண்ணி மாதிரி ஊத்துச்சு, பெட்ரோல் கலந்திருக்கோன்னு டெஸ்ட் பண்ணா அதுவும் இல்ல, வித்தவங்க கடைசி வரைக்கும் பதிலே சொல்லல. பேஸ் ஆயிலைத் தரம் பிரிச்சு குரூப்னு நம்பர் போடுவாங்க, அதுல குரூப் 3னா ஹைட்ரோகிராக்கிங்ல, அதாவது ஹைட்ரஜன் சேர்த்து, மூலக்கூறையே உடைச்சு மாத்திடறாங்க, இன்டெக்ஸ் 120க்கு குறையாது, அங்க குரூடு எதுன்னு பெருசா கவலைப்பட வேண்டாம். எந்த குரூப்னு கேளுங்க. சொல்ல மாட்டேன்னா வாங்காதீங்க.

கே: கெட்டி ஆயிலும் லேசான ஆயிலும் பாதிக்குப் பாதி ஊத்தினா நடு அளவு வந்துடும்ல?

ப: வராது. 100 சென்டிஸ்டோக்கும் (கெட்டித்தன்மையை அளக்குற அலகு) 10ம் சமமா கலந்தா 55 இல்ல, 30க்குப் பக்கத்துலதான் நிக்கும். லேசானது அவ்வளவு இழுக்கும். யாரைக் கேட்டு ஊத்தினீங்க? ரெண்டுலயும் சேர்த்திருக்குற அடிட்டிவ் ரசாயனங்கள் ஒத்துப்போகுமான்னாவது பாத்தீங்களா?

கே: பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் வாங்கினோம். வந்தப்போ சேறு எதுவும் இல்ல, கொஞ்ச நாள்ல டேங்க் அடியில கருப்பு சேறு, ஃபில்டர் எல்லாம் அடைப்பு. சப்ளையர் எங்க டேங்க் அழுக்குங்கறார்.

ப: டேங்க் பழைய எண்ணெய் இல்லாம சுத்தமா இருந்திருந்தா உங்க மேல தப்பே இல்லங்க. அஸ்ஃபால்டீன்ங்கற தார் மாதிரி கருப்புப் பொருள் நிறைய இருக்குற கனமான எண்ணெய்ல பாரஃபின் சரக்கை ஊத்தி இளக்கினா, அதுவரைக்கும் கரைஞ்சு நின்ன அஸ்ஃபால்டீன் பிரிஞ்சு அடியில உக்காந்துடும். தனித்தனியா ரெண்டுமே நல்ல சரக்கா இருக்கலாம், சேர்ந்தாதான் கெடும். சேறையும் டெலிவரி அன்னிக்கு எடுத்த சாம்பிளையும் லேபுக்கு அனுப்பி மொத்த வண்டல் பாக்கச் சொல்லுங்க, கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217ல இதுக்கு உச்சவரம்பு 0.10 சதவீதம். சாம்பிள் எடுக்கலைன்னா அடுத்த லோடுல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு சீல் வச்சு ஒரு பாட்டில் எடுத்து வைங்க, அதுக்கப்புறம் வால்வைத் திறங்க.