மழைக்கு முன் கார் வைப்பர்: நம்மவர்கள் கேட்டவை

ஜூன் இரண்டாவது வாரத்தில் மும்பையில் மழை இறங்கிவிடும். அக்டோபரில் நிறுத்திய வைப்பரை அன்றைக்குத்தான் மறுபடி போடுகிறோம், இறுகிப்போனது அப்போதுதான் தெரிகிறது. பத்மினி டாக்சிகள் ஓடிய காலத்தில் சயான் கோலிவாடாவில் கார் வயரிங் வேலை பழகியவன் நான். இந்த மாதம் பலரும் கேட்டவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்கிறேன்.

செம்பூரிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எங்கள் காருக்கு ஒன்பது வயசு. வைப்பர் மெதுவாக ஏறுகிறது, இறங்கும்போது பாதியில் நிற்கிறது. மோட்டார் போய்விட்டது, மாற்றணும் என்கிறார்கள். மாற்றிவிடவா?

இப்போதைக்கு வேண்டாம்மா. என்னிடம் "மோட்டார் போச்சு" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. வைப்பரின் கை, அதாவது ஆர்ம், மாட்டியிருக்கும் குட்டி ஷாஃப்ட்தான் அதன் குழாய்க்குள் இறுகியிருக்கும். போன வாரம் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது, அதன் மேல் செங்கல் பொடி போலத் துரு. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் ஓட்டையை அரச இலை அடைத்திருந்தது. போன மழைக்காலம் முழுக்க ஷாஃப்ட் ஈரத்திலேயே ஊறியிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். வைப்பர் தானாக வந்து படுக்கும் இடத்தில் நிற்கட்டும். பிளேடு இருக்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். ஆர்ம் அடியில் உள்ள மூடியைத் தூக்கினால் நட் தெரியும், பல வண்டிகளில் 13 அல்லது 14 ஸ்பானர் சேரும். நட்டை எடுத்தபின் ஆர்மை மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும். கண்ணாடியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்பினால் கண்ணாடி போய்விடும். பிறகு கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, மோட்டாரிலிருந்து வரும் கம்பியை அதன் உருண்டை மூட்டிலிருந்து நெம்பி விடுங்கள். இப்போது ஷாஃப்டை இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றவேண்டும். பிளையர் கேட்டால் கோளாறு அங்கேதான்.

மேலே உள்ள லாக்கையும் வாஷரையும் எடுத்தால் சில வண்டிகளில் ஷாஃப்ட் கீழ்ப்பக்கமாக வெளியே வரும். வாஷர் வரிசையை முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் துருவை மட்டும் தேய்த்து, துடைத்து, புது கிரீஸ் வைத்து மாட்டுங்கள். கழற்ற முடியாதபடி அடித்துப் பொருத்தியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் மறுபடி செய்யுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி இணைத்திருக்கும்போது அந்தக் கம்பிகளுக்குள் கையை விடாதீர்கள். அந்த மோட்டார் விரலை நசுக்கிவிடும்.

தாராவி, வாடகை வண்டி ஓட்டும் தம்பி: அண்ணாச்சி, டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நாள் ஜோரா ஓடுது, மறுபடி இறுகிடுது.

அது துருவை இளக்கத்தான் தம்பி. மழைத்தண்ணீரில் அது நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். இளகிய கையோடு கிரீஸ் உள்ளே போகவேண்டும். மேலாக அடித்துவிட்டுக் கிளம்பினால் மிச்சமிருந்த பழைய கிரீஸும் கழுவிக்கொண்டு போகும்.

மாடுங்காவிலிருந்து ஒரு பெரியவர்: வைப்பர் வேகமாகத்தான் போகிறது, ஆனால் கண்ணாடியில் குதித்துக் குதித்துப் போகிறது. கிர்ர் என்ற சத்தம் வேறு.

சார், மோட்டாரைத் தொடவே வேண்டாம். கண்ணாடியையும் ரப்பரையும் பாருங்கள். வண்டி துடைக்கும் பையன் டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்ட துணியாலேயே கண்ணாடியையும் துடைத்திருந்தால் எண்ணெய்ப் படலம் பிடித்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் இரண்டு தடவை கண்ணாடியைத் துடையுங்கள், ரப்பரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பிறகு ரப்பரின் ஓரத்தை விரலால் தடவுங்கள். வைப்பர் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஓரம் மறுபக்கம் சாயவேண்டும். மாதக்கணக்கில் வெயிலில் ஒரே பக்கமாகப் படுத்து விறைத்த ரப்பர் சாயாது. அதனால்தான் குதிக்கிறது. புது பிளேடு போடுங்கள். இரண்டு பக்கமும் நீளம் வேறாக இருக்கலாம், அளந்து வாங்குங்கள். மாற்றும்போது கண்ணாடி மேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். வெறும் ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

பிளேடு புதிதாக இருந்தும் ஒரு பக்கம் போகும்போது மட்டும் குதித்தால் ஆர்ம் முறுகியிருக்கிறது. அதை ஆள் வைத்து நிமிர்த்துங்கள்.

வாஷி: மெதுவான வேகத்தில் ஓடவே இல்லை, வேகத்தில் வைத்தால் ஓடுகிறது.

இரண்டு வேக மோட்டாரில் சாதாரணமாக மூன்று பிரஷ் (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) இருக்கும், மெதுவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, பொதுவாக ஒன்று. மெதுவில் வைத்து மோட்டார் பிளக்கில் மல்டிமீட்டர் பிடியுங்கள். 12 வோல்ட் வந்தும் ஓடவில்லை என்றால் பிரஷ் தேய்ந்துவிட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச், ரிலே, வயர் என்று பின்னால் தேடிப் போகவேண்டும்.

முலுண்ட்: அணைத்தால் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிடுகிறது, கீழே வருவதில்லை.

வைப்பரைக் கீழே கொண்டுவந்து நிறுத்துவது மோட்டாருக்குள் இருக்கும் பார்க் ஸ்விட்ச். அதன் தகடு கறுத்திருக்கும். மூடியைத் திறந்து சுத்தம் செய்தால் சில நேரம் சரியாகும். ஆகாவிட்டால் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய மோட்டார் தேடுங்கள். வாங்கும் முன் பேட்டரியில் தொட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வர்லி: ராத்திரி ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டால் வைப்பர் தளர்ந்துபோகிறது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். அங்கே சரியாக இருந்து மோட்டார் பிளக்கில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த்தை, அதாவது வண்டியின் உடம்போடு சேரும் நெகடிவ் வயரைப் பாருங்கள். கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவும் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கும். சுரண்டி இறுக்கினால் போதும், செலவே இல்லை.

மீரா ரோட்டிலிருந்து ஒரு அக்கா: கொட்டுகிற மழையில், ஹைவேயில் நின்றுபோனால் என்ன செய்வது தம்பி?

வேகத்தைக் குறைத்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்குங்கள் அக்கா. ஸ்விட்சை உடனே அணைத்துவிடுங்கள். இறுகி நிற்கும் வைப்பருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் எரிந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று, சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததே, அன்று என் வண்டியிலும் வைப்பர் நின்றது. ஒரு வாரமாகவே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றிருந்தேன். பக்கத்தில் என் பெரிய மகள், அப்போது ஆறு வயசு. கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாமல் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. மெதுவாகிறது என்று தெரிந்த அன்றைக்கே பாருங்கள் அக்கா.

செம்பூர் தங்கை மறுபடியும்: எந்த கிரீஸ் அண்ணா?

வெள்ளை லித்தியம் கிரீஸ். கிடைக்காவிட்டால் பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸும் ஆகும், ஒரு புளியங்கொட்டை அளவு போதும். தேங்காய் எண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். மூடியை மாட்டும் முன் அந்த அரச இலைகளை அள்ளிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பாருங்கள்.