கணினிக் கேள்வி–பதில்: எந்தக் கணினியிலும் ஒரே யொக்டோ இமேஜ்

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து, கொட்டியார் விரிகுடாவில் தொழில் செய்யும் சிறு படகுகளுக்காக, படகு நிற்கும் இடத்தையும் மின்கலத்தின் நிலையையும் பதிவுசெய்யும் கருவி ஒன்றை உருவாக்கி வருகிறோம். ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினி அட்டையில், கருவிகளுக்கான லினக்ஸைக் கட்ட உதவும் யொக்டோவின் 5.0 பதிப்பைக் கொண்டு லினக்ஸ் இமேஜைக் (அட்டையில் ஏற்றும் முழு அமைப்பின் கோப்பு) கட்டுகிறோம். புதிதாக ஒருவர் வந்தால், எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து லேயர்களை (இமேஜைக் கட்டுவதற்கான குறிப்புகளின் தொகுப்புகள்) ஒவ்வொன்றாக இறக்கி, இரண்டு கொன்ஃப் (அமைவுக்) கோப்புகளைத் திருத்தி முடிக்கவே ஒரு நாள் போய்விடுகிறது. அதன் பின்னரும் அவருடைய இமேஜும் எங்களுடையதும் ஒன்றாக இருப்பதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் பதிப்புக்கூட மாறியிருக்கிறது. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினால் போதுமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஸ்கிரிப்ட் எழுதினால் நேரம் மிச்சமாகும், ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டாவது சிக்கல் தீராது. உங்கள் குறிப்பில் 'ஸ்கார்த்கப் கிளையை இறக்கவும்' (ஸ்கார்த்கப் என்பது 5.0 பதிப்பின் பெயர்) என்றுதான் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். கிளை என்பது புதிய மாற்றங்கள் சேரச்சேர நகர்ந்துகொண்டே இருப்பது. தை மாதம் இறக்கியவருக்குக் கிடைத்த ராஸ்ப்பெரி பை லேயரும் ஆடி மாதம் இறக்கியவருக்குக் கிடைத்ததும் ஒரே பெயரைக் கொண்ட இரண்டு வேறு பொருள்கள். உங்கள் கேர்னல் பதிப்பு மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. ஆகவே ஒவ்வொரு லேயருக்கும் கிளையின் பெயரோடு நின்றுவிடாமல், மூலநிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரும் 40 எழுத்துக் கொமிட் எண்ணையும் எழுதிவையுங்கள். உங்கள் சொந்த ரெசிப்பிகளில் (ஒவ்வொரு மென்பொருளையும் கட்டும் முறையைச் சொல்லும் கோப்புகள்) ஓட்டோரெவ் என்ற மதிப்பு இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அது ஒவ்வொரு முறையும் அன்றைய புதிய மூலநிரலைத் தேடிப் போகும்.

இந்த வேலைக்கென்றே சீமென்ஸ் நிறுவனத்தார் உருவாக்கித் திறமூலமாக வெளியிட்ட காஸ் என்ற பைதன் கருவி இருக்கிறது. உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். எந்த மெஷின் (அட்டை), எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்த இமேஜ், எந்தெந்தக் களஞ்சியங்கள், அவற்றின் எந்தக் கொமிட், லோக்கல் கொன்ஃபில் சேரவேண்டிய வரிகள் எவை என்பன அனைத்தையும் யாம்ல் என்ற எளிய உரை வடிவில் ஒரே கோப்பில் எழுதி, அதை உங்கள் சொந்த லேயரோடு கிட்டில் வைத்துவிடலாம். புதிதாக வருபவர் அந்தக் களஞ்சியத்தை இறக்கி, 'காஸ் பில்ட்' என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால், லேயர்களை இறக்குவது, கொன்ஃப் கோப்புகளை எழுதுவது, இமேஜைக் கட்டும் நிரலான பிட்பேக்கைத் தொடங்குவது ஆகிய மூன்றையும் கருவியே செய்துமுடிக்கும். அவரவர் கணினியின் லினக்ஸ் பதிப்பு வேறுபட்டால், அதே கருவியோடு வரும் 'காஸ் கண்டெய்னர்' வழியாக, கண்டெய்னர் என்னும் தனித்த சூழலை உருவாக்கும் டொக்கருக்குள் பில்டை ஓட்டுங்கள். கண்டெய்னரின் பதிப்பையும் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யொக்டோவின் மாதிரி வெளியீடான போக்கியின் 5.0 பதிப்பில், முதல் முறை உருவாகும் லோக்கல் கொன்ஃப் கோப்பில் 'டிபக் ட்வீக்ஸ்' என்ற அம்சம் இயல்பாகவே சேர்ந்திருக்கும். அது கடவுச்சொல் இல்லாமலே, முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக உள்நுழைய இடங்கொடுக்கும். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது அது வசதிதான். அதே இமேஜ் ஒரு மீனவரின் படகில் ஏறினால், கருவியின் வலையமைப்பை எட்டக்கூடிய எவரும் அதற்குள் நுழைந்துவிடலாம். மூன்று மடிக்கணினிகளில் மூன்று லோக்கல் கொன்ஃப் கோப்புகள் கையால் திருத்தப்பட்டுக் கிடக்கும் நிலையில், எந்த இமேஜில் அந்த வரி இருக்கிறது, எதில் இல்லை என்பதை யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? அமைவுகளைத் தானியக்கமாக்குவதால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை இதுதான் என்பது என் கருத்து. ஒரு நாள் மிச்சமாவது அதற்கு அடுத்தபடிதான். காஸில் அடிப்படைக் கோப்பு ஒன்றையும் சோதனைக்கான சிறு கோப்பு ஒன்றையும் தனித்தனியே எழுதி, சோதனை இமேஜ் வேண்டும்போது மட்டும் இரண்டு பெயர்களையும் முக்காற்புள்ளியால் இணைத்துக் கொடுங்கள். டிபக் ட்வீக்ஸ் இரண்டாவது கோப்பில் மட்டுமே இருக்கட்டும். படகுக்குப் போகும் இமேஜை அடிப்படைக் கோப்பிலிருந்து மட்டுமே கட்டுவது என்று மூவரும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு இமேஜ்கள் உண்மையிலேயே ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, 'பில்ட் ஹிஸ்டரி' என்ற யொக்டோ வசதியை இயக்குங்கள். இமேஜில் உள்ள பொதிகளின் பட்டியலையும் அளவுகளையும் அது எழுதிவைக்கும்; இருவருடைய பட்டியல்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு எங்கே என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மூதூரில் எங்கள் இணைய இணைப்பு மெதுவானது, டேட்டாவுக்கும் அளவு உண்டு. மின்தடையும் வரும். யொக்டோ பில்டுக்காக ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தனித்தனியே இறக்கத்தான் வேண்டுமா?
– மாணவி, மூதூர்

பதில்: வேண்டியதில்லை. நல்ல இணைப்பு உள்ள ஓரிடத்தில் ஒருவர் மட்டும், இமேஜின் பெயரோடு 'ரன் ஓல் ஃபெட்ச்' என்ற தெரிவைப் பிட்பேக்குக்குக் கொடுத்தால், எதையும் தொகுக்காமல், தேவையான மூலநிரல்கள் அனைத்தையும் அது பதிவிறக்க அடைவில் சேர்த்துவைக்கும். கிட்டிலிருந்து வருபவற்றையும் பொதிகளாகக் கட்டிவைக்கும்படி அமைத்துக்கொண்டால், அந்த அடைவை வெளிவன்தட்டில் நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பெறுபவர் தம் கணினியில் அதை மிரராக (மூலநிரலுக்கான மாற்று இடமாக) குறிப்பிட்டு, இணையத்தைத் தொடக்கூடாது என்ற அமைவையும் இட்டுப் பாருங்கள். பில்ட் தடையின்றி முடிந்தால் எதுவும் விடுபடவில்லை என்று பொருள்.

எஸ்ஸ்டேட் என்னும் பகிர்நிலைச் சேமிப்பையும் அதே தட்டில் கொண்டுவாருங்கள். ஒருவர் கணினியில் தொகுத்து முடித்தவற்றை, உள்ளீடுகள் ஒன்றாக இருக்கும்வரை மற்றவர் மீண்டும் தொகுக்காமல் எடுத்துக்கொள்வதற்கு அது உதவும். கொமிட் எண்கள் வேறுபட்டால் அந்தப் பயன் பெருமளவு போய்விடும் என்பதால், மேலே உப்புவெளி வாசகருக்குச் சொன்னதை நீங்கள் முதலில் செய்துகொள்வது நல்லது. மின்தடைக்குப் பிறகு பிட்பேக், முடிந்த பணிகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றிலிருந்தே தொடரும். பாதியில் அறுந்த ரெசிப்பி தவறு காட்டினால், அதை மட்டும் 'கிளீன் எஸ்ஸ்டேட்' கட்டளையால் துடைத்துவிட்டு மீண்டும் கட்டலாம். வன்தட்டில் 100 ஜிபிக்கும் கூடுதலாக இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் கருவி ஒரே ஒரு வேலைதான் செய்கிறது. அதற்கு யொக்டோ அவசியமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஒரே அட்டை, ஒரே வேலை என்றால், இதே போல லினக்ஸ் இமேஜைக் கட்டும் எளிய கருவியான பில்ட்ரூட்டே போதும். அதில் பொதிகளின் பதிப்புகள் ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ளேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், பில்ட்ரூட்டின் ஒரு கொமிட்டையும் உங்கள் தெரிவுகள் அடங்கிய டெஃப்கொன்ஃபிக் கோப்பையும் சேமித்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மெனுவில் மாற்றியவற்றை 'சேவ் டெஃப்கொன்ஃபிக்' கட்டளையால் கோப்பில் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பொதிகளைப் பில்ட்ரூட்டின் மரத்துக்கு வெளியே, எக்ஸ்டேர்னல் அடைவில் வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில் வரும் வெளியீடே நீண்டகாலப் பராமரிப்புக்கு உரியது. கடலுக்குப் போகும் கருவிக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.